கழுகும் குடவோலையும்

காஞ்சீபுரத்திலிருந்து மேற்கே வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் ஏழெட்டு மைல் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதற்கு அருகில், சாலையை விட்டுச் சற்று ஒதுங்கியிருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. குழி என்பதற்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக் கடன் செய்த இடம் இதுதான் என்பது ஊராரின் நம்பிக்கை. பெருமாளுக்கு விஜயராகவன் என்று பெயர். கோயிலுக்கு எதிரே இருக்கும் குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்று பெயர். தாயார் மரகதவல்லியோ வறுத்த பயறையும் முளைக்க வைப்பவள் என்று கீர்த்தி பெற்றவள். குழந்தை வேண்டுகிற பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்திருந்து, காலையில் முளை விட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். இராமாநுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான் என்பார்கள். குரு சொன்ன அர்த்தத்தை ஒப்புக்கொள்ள முடியாமல் சீடர் கண்ணீர் விட்ட கதை வைஷ்ணவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஜடாயு எங்கள் ஊரில்தான் விழுந்தது என்று சொல்கிற ஊர்கள் இன்னும் சில உண்டு. வைத்தீஸ்வரன்கோயிலில் ஜடாயு குண்டத்தைக் காட்டுகிறார்கள். ஆந்திரத்தில் லேபாக்ஷி, கேரளத்தில் சடயமங்கலம் என்று பட்டியல் நீளும். இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஜெயித்தவனை எங்கள் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எல்லோரும் வருவார்கள். தோற்றுப் போன ஒரு கிழக் கழுகுக்கு இத்தனை ஊர்கள் போட்டி போடுவது அபூர்வமான காரியம் அல்லவா?

2024ஆம் வருஷம் ஏப்ரல் 19ஆம் தேதி, பாராளுமன்றத் தேர்தலன்று, அந்தக் குளத்தங்கரையில் நான் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்கே சென்னையில் என் ஓட்டைப் போட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தேன். அவ்வளவு அதிகாலையில் ஓட்டுப் போடும் வழக்கம் எனக்கு எப்படி ஏற்பட்டது என்பது ஒரு தனிக் கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மர நிழலில் பெரியவர் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பட்டு நெசவு அவர் தொழில். நாற்பது வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டவர். விரலில் மை இல்லாததைப் பார்த்து, "பெரியவரே, இன்னும் ஓட்டுப் போடவில்லையா?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன் போடலைன்னா குடியா முழுகிடப் போவுதுங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. 2008இல் ராஜஸ்தானத்தில் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி என்ற பெரிய தலைவர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப் போன வரலாற்றை எடுத்துவிட்டேன். பெரியவர் சாவதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அது வடக்கே நடந்ததுங்க. நம்ம பக்கம்?"

விடுவேனா? 2016இல் திருநெல்வேலிச் சீமையில் இராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு என்று சொன்னேன்.

"அப்படின்னாலும் என்னைத் தவிர இன்னும் நாப்பத்தொன்பது பேரு வேணுமே, ஐயா!" என்றார் அவர்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மேலும் சொன்னார்: "பாவு ஏத்தி வெச்சிருக்கேன். சேலைக்கு இத்தனைன்னு கூலி. தறி நின்னா கூலியும் நின்னு போச்சு. இன்னிக்குச் சம்பளத்தோட லீவுன்னு சட்டமாம். என் தறிக்கு யாருங்க லீவு குடுக்கிறது?"

வாதத்தில் தோற்ற எழுத்தாளன் சரித்திரத்திடம் ஓடிப் போய் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வழக்கம். நானும் ஓடினேன். காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, அதே சீமையில் இருக்கும் உத்தரமேரூருக்குத்தான்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நேயர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். மேடைப் பிரசங்கிகள் அதைப் பற்றிப் பேசும்போது, "ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே தமிழன் ஓட்டுப் போட்டான்" என்பார்கள், கைதட்டலும் கிடைக்கும். கல்வெட்டைக் கொஞ்சம் நின்று படித்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது என்று தெரியும். அந்தக் கற்சுவரில் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை!

முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைப் பற்றி ஒரு தீர்மானம் செய்தார்கள். இரண்டு வருஷத்தில் அதில் ஏதோ ஓட்டை தெரிந்திருக்க வேண்டும். 921இல் மறுபடியும் கூடித் திருத்தினார்கள். அரசனுடைய அதிகாரி ஒருவர் உடனிருந்தார். இரண்டு தீர்மானங்களும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிக் கட்டாகக் கட்டி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு ஒரு குடத்தில் இட்டார்கள். தகுதி என்ன? 921ஆம் வருஷத்துத் தீர்மானப்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் படிப்பு வேண்டும். படிப்பு அதிகமாக இருந்தால் நிலம் அரைக்கால் வேலியாக இருந்தாலும் போதும். முந்திய மூன்று வருஷங்களில் வாரியம் பார்த்தவன் கூடாது. வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடவே கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன், மாப்பிள்ளை வரை ஒருவரையும் விடவில்லை. கணக்கைச் சுருட்டுகிறவனுடைய கைகள் உறவுக்காரர்களின் தோள் வரையில் நீளும் என்பதை அந்தச் சபையார் அனுபவத்தில்தான் கண்டிருக்க வேண்டும். இந்தப் பட்டியலை இன்றைக்கு அமல் நடத்தினால் நாட்டில் எத்தனை வேட்பாளர்கள் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போடுவது ஆரோக்கியத்துக்கு நல்லதல்ல.

இனி வேடிக்கையைப் பாருங்கள். ஆள் எடுக்கும் நாளில் பாலர் முதல் விருத்தர் வரை மகாசபை முழுவதும் கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் உள் மண்டபத்தில் இருத்த வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, மேலே பார்த்தபடி, எல்லோர் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒன்று ஒளிந்திருக்கக் கூடாதே! அவன் படித்த பிறகு, உள் மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் பெயராகும். இப்படிப் பன்னிரண்டு பேர் சம்வத்ஸர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. நடுவில் குற்றம் கண்டால் உடனே இறக்கிவிடலாம்.

யாரைப் பிடிக்கிறது, யாரைப் பிடிக்கவில்லை என்று அங்கே ஒருவரையும் கேட்கவில்லை. பெயரை எடுத்தது குழந்தையின் கை. அப்படியானால் ஊரைக் கூட்டியது எதற்கு? நம்பிமாரை ஒருவர் விடாமல் உட்கார வைத்தது எதற்கு? ஓலையைப் பொறுக்கி எடுப்பதற்கல்ல, பார்த்துக்கொண்டிருப்பதற்கு! இத்தனை ஜோடிக் கண்கள் இருந்தால் மத்தியஸ்தனின் விரல் ஒழுங்காக விரியும் என்ற எண்ணம். தேர்ந்தெடுப்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டாலும் விடலாம், பார்ப்பதை விடக்கூடாது என்று அந்தச் சபையார் நினைத்தார்கள். கடமை என்று அவர்கள் கல்லில் வெட்டி வைத்தது இந்த உட்கார்ந்திருக்கும் வேலையைத்தான்.

கல்வெட்டின் இந்த இடம் எனக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரிவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பே சொன்னேனே, அந்தத் தனிக் கதை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தேர்தல். எந்த ஊர் என்பது வேண்டாம். பகல் சாப்பாட்டை முடித்து, சிறிது கண்ணயர்ந்து, காப்பியும் குடித்துவிட்டு மாலையில் ஓட்டுச் சாவடிக்குப் போனேன். வரிசையே இல்லை. எவ்வளவு சௌகரியம் என்று எண்ணிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். "உங்கள் ஓட்டு ஆகிவிட்டதே, சார்!" என்றார் அங்கிருந்தவர். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையதைவிட அது அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் நான்தான் என்று நிரூபித்த பிறகு தனிச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, முத்திரை குத்தச் சொல்லி, உறையில் போட்டு வைத்தார்கள். கோர்ட்டு கேட்டாலொழிய அந்த உறையை யாரும் பிரிக்க மாட்டார்களாம். நான் தூங்கிய அரை மணி நேரத்தில் என் பெயரை வைத்துக்கொண்டு யாரோ தம் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்! வராதவனுடைய நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது காலியாகக் கிடப்பதில்லை.

இவ்வளவையும் பெரியவரிடம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். விரலை விரிக்கும் இடத்தில் அவர் தம் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டார். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள். கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் குடத்திலே எங்க பேரு இருந்துதுங்களா?"

"இல்லை" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? சதுர்வேதிமங்கலத்துக் குடத்தில் நிலமுள்ள வேதியர்களின் பெயர்தான் இருந்தது. தறி போட்டவர் பெயர் இல்லை, ஏர் பிடித்தவர் பெயர் இல்லை. சேரியில் இருந்தவரின் பெயருக்கு அந்த ஓலைக் கட்டில் வழியே இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. நமக்குப் பெருமை தரும் கல்வெட்டு என்பதற்காக இதை விழுங்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் பழைய கிராம ராஜ்யத்தின் புகழைக் கேட்கக் கேட்கக் கோபம் கொண்டு பேசினார் என்றால், குடத்துக்கு வெளியே நின்றவர்களின் தரப்பிலிருந்துதான் பேசினார். எனக்கும் அந்தக் கல்வெட்டு பிடிக்கும். ஆனால் அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

குடத்தின் வாய் அகல எத்தனை காலம் ஆயிற்று! 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் ஓட்டு இருந்தது சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. நிலம், வரி, சொத்து என்று அதே கால் வேலிக் கணக்குதான், இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். 1921இல் அந்தச் சட்டசபையே பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று தீர்மானித்தது. இந்தியாவிலேயே அதில் முந்திக்கொண்ட மாகாணம் சென்னை. 1925 நவம்பரில் இதே காஞ்சீபுரத்தில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மகாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற தீர்மானத்தை எடுக்க இடமில்லை என்றதும் ஈ. வெ. ராமசாமி நாயக்கர் மகாநாட்டை விட்டு வெளியேறினார். காங்கிரஸையும் விட்டார். தமிழ்நாட்டு அரசியலை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்டி வைத்த அந்தச் சண்டையின் வேர், யார் யாருடைய பெயர் குடத்தில் இருக்கிறது என்ற கேள்விதான்.

பிறகு சுதந்திரம் வந்தது. அரசியல் சாசனத்தின் 326ஆவது ஷரத்து, 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. (18 என்று குறைந்தது 1989இல்.) நிலம் கேட்கவில்லை, படிப்புக் கேட்கவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். சீட்டைக் கொண்டுபோய் இஷ்டப்பட்ட பெட்டியில் போட வேண்டியதுதான். வடக்கே பல லட்சம் பெண்கள், "இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள்" என்று சொன்னார்களே தவிர, அந்நிய மனிதனிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. குடம் தயாராக இருந்தும் ஓலையில் எழுதப் பெயர் கிடைக்காத கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

1957இல் காஞ்சீபுரம் தொகுதி, அந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரையைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1962இல் அதே தொகுதி அவரைத் தோற்கடித்தது. 1967இல் அவர் முதல் மந்திரியானார். குடத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டார்கள் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

"சரி, இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பெல்ஜியத்தில் 1893இலும் ஆஸ்திரேலியாவில் 1924இலும் அப்படித்தான் சட்டம் செய்தார்கள். ஓட்டுப் போடாத ஆஸ்திரேலியர் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். குஜராத்திலும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கு இப்படி ஒரு சட்டம் வந்தது. 2015இல் ஹைகோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. எனக்கு இந்த யோசனை ருசிக்கவில்லை. அபராதத்துக்குப் பயந்து வருகிறவன் உட்கார்ந்திருப்பானே ஒழியப் பார்த்துக்கொண்டிருப்பானா? அதோடு, அபராதம் யாருக்கு உறைக்கும்? தறியை நிறுத்திவிட்டு வர முடியாதவருக்குத்தான்.

வராமலிருப்பதே கடமையாகிவிட்ட சந்தர்ப்பமும் நம் சரித்திரத்தில் உண்டு. 1920 தேர்தலைக் காந்திமகான் சொற்படி காங்கிரஸ்காரர்கள் பகிஷ்கரித்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை. வீதியில் நின்று, "நாங்கள் போகமாட்டோம், காரணம் இது" என்று ஊர் அறியச் சொன்னார்கள். 2013இல் சுப்ரீம் கோர்ட்டு, எவரும் வேண்டாம் என்று சொல்லவும் வாக்காளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்து, அதற்கு ஒரு பொத்தானும் வைக்கச் சொல்லிற்று. வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வருகிற மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர் மண்டபத்தில் உட்கார்ந்து ஓலையைப் படித்தவர். படித்துவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்கிறார்.

நான் திருப்புட்குழிக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அந்த 2024 தேர்தலில், தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 70 பேர் ஓட்டுப் போட்டார்கள். மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் நூற்றுக்கு 54 பேர்தான். வீடு, படிப்பு, உத்தியோகம், ஏறிச் செல்ல வாகனம் எல்லாம் உள்ள பகுதிகள் அவை. பழைய உத்தரமேரூரில் இருந்திருந்தால் குடத்தில் முதல் கட்டாக விழுந்திருக்கக் கூடியவர்களின் பேட்டைகள். அந்த 46 பேரில் நோயாளிகளும் வெளியூர் போனவர்களும் கொஞ்சம் இருப்பார்கள். மற்றவர்கள் யார் என்பது நேயர்களுக்கும் எனக்கும் தெரியும். நாங்கள் எல்லாம் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறோம்.

குளத்தைப் பார்த்தபடி இருந்தபோது எனக்குக் கழுகின் ஞாபகம் வந்தது. அதற்கு வயது அதிகம். எதிரிக்குத் தலை பத்து, கை இருபது. நான் ஒருத்தன் தடுத்து என்ன ஆகப் போகிறது என்று அது மரக்கிளையிலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சண்டையில் அது தோற்றுத்தான் போயிற்று. ஆனால் நடந்ததை நேரில் கண்டது அது. இராமன் வந்து சேரும் வரையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, தூக்கிச் சென்றவன் இராவணன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியது. மகனாக நின்று கொள்ளி வைத்தானே இராமன், அது எந்த வெற்றிக்காக?

இதைப் பெரியவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த ஊர்க்காரருக்கே அந்த ஊர்க் கதையைச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. அதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

"கோர்வைச் சேலை பார்த்திருக்கீங்களா, ஐயா? கரை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். கரைக்கு நாடா தள்ள ஒரு பையன் பக்கத்திலே உக்காரணும். அவன் வரலைன்னா நான் எவ்வளவு தெரிஞ்சவனா இருந்தாலும் சேலை நகராது. அவன் ஒண்ணும் பெரிய வேலை செய்யலை. சும்மா உக்காந்து தள்ளுறதுதான்."

"அப்படியானால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வாருங்களேன்! ஆறு மணி வரையில் நேரம் இருக்கிறது" என்றேன் ஆவலுடன்.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்தார். நாலாக மடித்த பூத் சிலிப். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

"போடாம என்னங்க? வெயிலுக்கு வரிசை குறையட்டும்னுதான் உக்காந்திருந்தேன். நீங்க பட்டணத்துக்காரரு, என்ன சொல்றீங்கன்னு சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார்.